பழைய மடிக்கணினியில் தங்கிவிட்ட தமிழ்

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினி இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. ஊர் வரலாறு, கோயில் மலர், அப்பா எழுதிய கவிதைகள் என்று வேறெங்கும் இல்லாதவை அதற்குள் இருக்கலாம். அது இயங்கும்போதே அவற்றைப் புதிய கணினிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அதை இணையத்தில் இணைக்க வேண்டாம். ஒரு பென் டிரைவ் போதும். கோப்புகளை நகர்த்தாமல் நகலெடுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் மூலம் பத்திரமாக இருக்கும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோக்களில்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை வரும்.

மடிக்கணினி உயிர்பெறவே மறுத்தாலும் ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அதைக் கழற்றி யுஎஸ்பி இணைப்பியில் மாட்டிப் படிக்கலாம். பழைய ஐடிஇ வகையில் ஊசிகள் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பின்னர் வந்த சாட்டா வகையில் ஊசிகளே இருக்காது. இரண்டுக்கும் இணைப்பி வேறு என்பதால், கடைக்குப் போகும்போது ஹார்டு டிஸ்க்கையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி என்ற எழுத்துரு கொடிகட்டிப் பறந்தது. பாமினியில் நாம் திரையில் பார்த்தது தமிழ். கோப்புக்குள் பதிவானதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து! உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது.

அதனால் ஆவணங்களோடு நின்றுவிடாமல், பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறையையும் நகலெடுங்கள். அந்த எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் அந்த வரிகளைக் கைபேசியில் படிக்கவும் கணினியில் தேடவும் முடியும்.

மாற்றியை முழுதாக நம்பிவிட வேண்டாம். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்றே எண்ணிச் சிதைத்துவிடும். மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, மாற்றிய பிரதியை, முடிந்தால், எழுதியவரையே பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துச் சரிபாருங்கள். ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் வரும் பிழைகள் அவர் கண்ணுக்குத்தான் சட்டென்று படும்.

நன்றி, வணக்கம்.