எழுத எழுதக் கோபம் வருகிறதே, அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?

வணக்கம். இன்றைக்கு நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு கேள்வி மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. அதனால் அதை மட்டும் பேசுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம். மகன் ஏழாவது படிக்கிறான். இரண்டாம் தவணைக் கட்டணம் கட்ட நாளாகிவிட்டது என்று பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள், காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும். அவன் வீட்டில் வாயே திறக்கவில்லை. கூடப் படிக்கிற ஒரு பெண் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று இரவு பால் கணக்கு நோட்டைத் திருப்பி வைத்து, பின் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது. தூக்கமும் போகிறது. அப்புறம் எதற்கு ஐயா எழுத வேண்டும்?" கடைசியில், போகிற போக்கில் இன்னொரு வரி: "பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கும் இதே நடந்தது. அதையும் சேர்த்து எழுதலாமா?"

அம்மா, முதல் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசி வரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மனசு லேசாகும் என்று யார் உங்களிடம் சொன்னார்கள்? குக்கரில் ஆவி போனால் அடங்கிவிடும் என்பது போலப் பேசுகிறார்கள். எழுதியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் பற்றி இங்கே ஏற்கெனவே பேசியிருக்கிறோம், அமெரிக்க அடிமைகளைப் பற்றிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற நாவலை எழுதியவர். அன்றைக்கு அடிமை முறை, அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த அம்மாவின் வீட்டுக்குள் நாம் போகவில்லை.

1849, சின்சினாட்டி நகரம். கோடைக்காலம், ஊரெல்லாம் காலரா. அவருக்கு ஆறு பிள்ளைகள். கடைக்குட்டி சார்லி, ஒன்றரை வயது. கணவர் சிகிச்சைக்காக வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு நீர்வைத்திய நிலையத்தில் தங்கியிருக்கிறார். பக்கத்தில் அவர் இல்லாமலே குழந்தை துடித்துத் துடித்துச் சாகிறது. ஜூலை 26ஆம் தேதி கணவருக்குக் கடிதம் எழுதுகிறார், எல்லாம் முடிந்துவிட்டது என்று. ஆற்றுக்கு அந்தக் கரை கென்டக்கி. அங்கே அடிமை முறை உண்டு. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்கிற கதைகளை அந்த ஊரில் அவர் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்பது வேறு. சார்லி போன பிறகு அந்தக் கதைகள் அவர் காதில் வேறு மாதிரி விழுகின்றன. பிள்ளையைப் பறிகொடுக்கும் ஒரு அடிமைத் தாய்க்கு எப்படி இருக்கும் என்பதை அவனுடைய சாவுப் படுக்கையிலும் கல்லறையிலும்தான் கற்றுக்கொண்டேன் என்று பிறகு ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார்.

1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வருகிறது. தப்பி வந்தவர்களுக்கு உதவினால் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. உன் கையில் பேனா இருக்கிறதே, ஏதாவது எழுது என்று அண்ணன் மனைவி எழுதுகிறார். இவருக்கோ அப்போதுதான் இன்னொரு குழந்தை பிறந்திருக்கிறது. ராத்திரி குழந்தை என்னோடு படுக்கும் வரைக்கும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் ஒருநாள் எழுதியே தீருவேன் என்று பதில் போடுகிறார்.

இங்கே என்னுடைய பழைய பல்லவியைப் பாடிக்கொள்கிறேன். வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. ஒரு பெண் எழுதிய புத்தகத்தைக் கையில் எடுத்தால், என்ன எழுதினார் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் எழுதினார் என்று பாருங்கள். பகலா, ராத்திரியா? யார் தூங்கிய பிறகு? பாதிக் கதை அதிலேயே இருக்கும்.

சரி, எழுதினார். 1851 ஜூன் முதல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. முதலில் பேசிய தொகை 300 டாலர். இந்த 300ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 1852இல் புத்தகமானது. அமெரிக்காவில் மட்டும் முதல் ஆண்டில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. அவர் மனசு லேசானதா? 1857இல் இன்னொரு மகன் ஹென்றி, 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், கனெக்டிகட் ஆற்றில் மூழ்கிப் போனான். இரண்டு வருஷம் கழித்து வந்த அவருடைய நாவலில், கடலுக்குப் போன மகன் செத்துவிட்டான் என்று கேட்டு ஒரு தாய் கடவுளையே எதிர்த்துப் பேசுகிறாள். இதிலே லேசு எங்கே இருக்கிறது?

அதனால் கோபம் வருகிறதே என்று பயப்படாதீர்கள் அம்மா. ஒன்று மட்டும் செய்யுங்கள். எழுதும்போது தேதி போடுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. உடல் ரீதியான தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று தடுக்கிற பிரிவு. உங்கள் பையன் ஏழாவதுதானே, எட்டாவது வரைக்குமான சட்டம் அது. நாளைக்கு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுத வேண்டியிருந்தால் அந்தப் பால் கணக்கு நோட்டுதான் கைகொடுக்கும்.

இப்போது அந்தக் கடைசி வரி. பக்கத்து வீட்டு அக்காவின் கதையையும் சேர்த்து எழுதலாமா? என்னைக் கேட்டால் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்பேன்.

இன்னொரு ஹாரியட் இருந்தார். ஹாரியட் ஜேகப்ஸ். 1813இல் வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சின்ன ஊரில் அடிமையாகப் பிறந்தவர். பருவ வயதிலேயே எஜமானனின் தொல்லை. இரண்டு பிள்ளைகள், வேறொரு வெள்ளைக்காரரோடு. 1835இல் தப்பித்தார், ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. பாட்டி வீட்டையொட்டிய ஒரு கொட்டகையின் கூரைக்கடியில் ஒளிந்துகொண்டார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலேயே 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. கோடையில் வேகும், குளிர்காலத்தில் கால் மரத்துப் போகும். அதில் கிட்டத்தட்ட ஏழு வருஷம். ஒரு சின்னத் துளைக்கருவி கையில் கிடைத்தது. பலகையில் ஓட்டை போட்டு, தெருப்பக்கம் விளையாடும் தன் பிள்ளைகளை அது வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட முடியாது.

அந்த இருட்டில் அவர் ஒரு வேலை செய்தார். ஒரு நியூயார்க் செய்தித்தாளின் கிழிந்த தாளை வரவழைத்து, அதிலிருந்து தெருப் பெயரைப் பிடித்து, நியூயார்க்கில் இருப்பது போல எஜமானனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாட்டிக்கு இன்னொன்று, பதிலை பாஸ்டன் முகவரிக்குப் போடச் சொல்லி. நம்பிக்கையான ஒருவர் அவற்றை வடக்கே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஜமானன் பாட்டி வீட்டுக்கு வருகிறான், படித்துக் காட்டுகிறேன் என்று. ஜேகப்ஸ் மேலேயிருந்து இறங்கி வந்து மறைவில் உட்கார்ந்து கேட்கிறார். அவன் படிப்பது இவர் எழுதியதே இல்லை! ஓடிப் போனது தப்பு, திரும்பி வர ஆசைப்படுகிறேன் என்று அவனே ஒரு கடிதம் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறான். தன் பெயரில் இன்னொருவன் எழுதிய துக்கத்தை, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பெண் கேட்கிறார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

1842இல் படகேறி வடக்கே தப்பினார். நியூயார்க்கில் ஒரு பத்திரிகை எழுத்தாளர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1852இல் அந்த வீட்டு அம்மா பணம் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார். எவ்வளவு? 300 டாலர். ஒரு தொடர்கதைக்குப் பேசிய அதே தொகை!

ஜேகப்ஸின் கதையைப் புத்தகமாக்க வேண்டும் என்று அவருடைய தோழி, ஏமி போஸ்ட் என்பவர், ஸ்டோவுக்கு எழுதுகிறார். ஸ்டோவ் என்ன செய்தார் தெரியுமா? இதெல்லாம் உண்மைதானா என்று கேட்டு அந்தக் கடிதத்தை நேரே அந்த வீட்டு அம்மாவுக்கே அனுப்பிவிட்டார். தன் பிள்ளைகள் பிறந்த கதையை ஜேகப்ஸ் அந்த அம்மாவிடம் அதுவரை சொன்னதே இல்லை. அதோடு, உண்மையாக இருந்தால் நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றும் ஸ்டோவ் சொன்னார். ஜேகப்ஸுக்கு மனசு விட்டுப் போயிற்று. நானே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார்.

ஸ்டோவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர், நல்ல மனசுக்காரர். அவர் எழுதியதால் நாடே அதிர்ந்தது. அப்படிப்பட்டவருக்கே, எதிரே இருக்கிற தாய் தன் கதையைத் தானே எழுதுவாள் என்று தோன்றவில்லை, பாருங்கள்.

ஜேகப்ஸ் எந்த நேரத்தில் எழுதினார்? ராத்திரியில். பகலெல்லாம் அடுத்தவர் பிள்ளை. வீட்டு எஜமானருக்கு அடிமை முறையின் மேல் சாய்வு உண்டு என்ற சந்தேகம் இவருக்கு, அதனால் அவர் வீட்டிலேயே அவருக்குத் தெரியாமல் எழுதினார். வருஷக்கணக்கில் எழுதி, பதிப்பாளர் கிடைக்காமல் அலைந்து, 1861இல் புத்தகம் வந்தது. தலைப்புப் பக்கத்தில் 'அவளே எழுதியது' என்று போட்டும் பல அறிஞர்கள் ரொம்ப காலம் நம்பவில்லை. முன்னுரை எழுதிப் பதிப்பித்த வெள்ளைக்கார அம்மாவின் கைவேலை என்றார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடி எடுத்து, இது இவருடைய எழுத்துதான் என்று நிறுவினார்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் காலத்தில் பேபி ஹால்தர் இருக்கிறார். 12 வயதில் கல்யாணம், அடி உதை, மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கு வங்கத்திலிருந்து டெல்லிப் பக்கம் ரயிலேறியவர். குர்கானில் அவர் வீட்டுவேலை செய்தது ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டில், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் அவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கை நிற்பதைப் பார்த்து, அவர் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். உன் கதையைச் சொல், நான் எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பேபியும் பிள்ளைகள் தூங்கின பிறகுதான் தன் கதையை எழுதினார். மறுபடியும் ராத்திரி!

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். மகன் பட்டாளத்தில். எழுதப் படிக்கத் தெரியாது. நீலக் கலர் இன்லண்டு லெட்டரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். சொல்லச் சொல்ல எழுதுவேன், நடுவில் அழுவார். முடிந்ததும் திரும்பப் படிக்கச் சொல்வார். கூரை ஒழுகுகிற வரி வந்ததும், "அதை அடிச்சுடு தம்பி, அவன் அங்க சோறு சாப்பிட மாட்டான்" என்பார். அடித்தது தெரியக்கூடாது என்று நன்றாக மசி பூசச் சொல்வார். எழுதுகிற கை என்னுடையது, எது போகணும் எது கூடாது என்கிற தீர்ப்பு அவருடையது.

அதனால் அம்மா, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். நீங்கள் எழுதியதை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இதை அடிச்சுடு என்றால் அடித்துவிடுங்கள். அவரே எழுதுகிறேன் என்றால் நோட்டில் பாதியைக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு மனு போடுவதாக இருந்தாலும் இரண்டு கையெழுத்துக்குக் கனம் அதிகம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பையன் என்னிடம் சொல்லவே இல்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஜேகப்ஸின் மகனுக்கும் கூரைக்கடியில் அம்மா இருப்பது ஒரு கட்டத்தில் தெரிந்துவிட்டது. ஒருநாள் மேலேயிருந்து இருமல் சத்தம் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகளை அந்த மூலைப் பக்கம் விளையாட விடாமல் வேறு பக்கம் இழுத்துப் போயிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, பாட்டியிடம்கூட. அம்மா வடக்கே கிளம்பும் நேரத்தில்தான் அது வெளியே வந்தது. உங்கள் பையன் ஏன் சொல்லவில்லை என்று அவனைத் திட்டாதீர்கள்.

பெயர்களை மாற்றி எழுதலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஜேகப்ஸ் தன் பெயரையே லிண்டா பிரென்ட் என்று மாற்றிக்கொண்டார், எஜமானன் பெயரையும் மாற்றினார், பிள்ளைகள் பெயரையும் மாற்றினார். தேதியையும் நடந்ததையும் மட்டும் மாற்றாதீர்கள். அந்த நோட்டைப் பால்காரர் கணக்குப் பார்க்கும் இடத்தில் வைக்காமல் இருப்பதும் நல்லது. அடுத்த வாரம் மீதிக் கேள்விகள்.