இரவு ஷிஃப்டில் யாரைக் கேட்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனாக் காலம் என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி, அவர்களுக்கு என்ன தகவல் தேவைப்பட்டது என்பதைப் பற்றி. குளிப்பாட்ட வேண்டும், ஊட்டிவிட வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும். ஆறடி தள்ளி நின்று செய்கிற வேலையா இது?

2020 பிப்ரவரி 25 அன்று அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தொற்று வர வாய்ப்பு மிகக் குறைவு, மாஸ்க் தேவையில்லை என்று அதில் இருந்தது. மார்ச் 13இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். சரி, அன்றைக்கு நாட்டில் பரவல் குறைவு, அதை வைத்து எழுதினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இணையத்தில் திரும்பப் பெற்ற தாள், அலுவலகச் சுவரிலிருந்து தானாகக் கழன்று விழாது. புதிய தாள் வரும்போதெல்லாம் "நேற்றிலிருந்து மாறியது இது" என்று மேலே இரண்டு வரி இருந்தால், ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். முப்பது பக்கத்தை யார் படிப்பார்கள்?

அடுத்தது கதவடியில் நடந்தது. மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சேர்ப்பதற்கு முன் தொற்று இல்லை என்ற சோதனை முடிவு வேண்டியதில்லை என்றது ஏப்ரல் 2ஆம் தேதி வழிகாட்டுதல். அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் பரவலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்லி, அந்தக் கொள்கை சட்டவிரோதம் என 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சக்கர நாற்காலியைப் பிடித்து உள்ளே தள்ளும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவருக்குச் சோதனை செய்தார்களா? "செய்யவில்லை" என்று சொல்லியிருந்தாலே போதும், தனி அறை பார்த்திருப்பார்.

காய்ச்சல், இருமல் என்று அறிகுறிப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். எண்பத்தைந்து வயதில் பல நேரம் காய்ச்சலே வராது. திடீரென்று குழம்புவார், விழுவார், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். அமெரிக்காவின் கிங் கவுன்டியில் ஓர் இல்லத்தில் 2020 மார்ச்சில் 76 பேரைச் சோதித்தபோது 23 பேருக்குத் தொற்று இருந்தது. அதில் 13 பேருக்கு அன்றைக்கு அறிகுறி எதுவுமே இல்லை. "அவர் நேற்று மாதிரி இல்லை" என்பதை முதலில் பார்ப்பவர் பராமரிப்பாளர்தான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும், இரவு இரண்டு மணிக்கு எடுக்கிற எண். என்னைக் கேட்டால், எந்தத் தாளையும்விட அதுதான் அவசரம். மறதி நோயால் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவரை 14 நாள் தனி அறையில் வைப்பது எப்படி? கதவைப் பூட்டலாமா? இதற்கும் அந்த எண்ணில் பதில் கிடைக்க வேண்டும்.

அப்புறம், யாரும் மருத்துவத் தகவல் என்று நினைக்காத ஒரு கேள்வி. எனக்கு இருமல் வருகிறது, வீட்டில் இருந்தால் சம்பளம் உண்டா? சட்டப்படியான நோய்க்கால ஊதியம் அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு. ஏஜென்சி மூலம் இரண்டு இல்லங்களில் வேலை பார்ப்பவர் அதை வைத்து வாடகை கட்ட முடியாது. தனித்திருக்கும் ஊழியருக்கு முழுச் சம்பளம் கொடுக்கவும் சேர்த்து 60 கோடி பவுண்டு நிதியை மே நடுவில்தான் அறிவித்தார்கள். அதுவும் உள்ளாட்சி மன்றங்கள் வழியாக இல்லத்துக்குப் போனது. தன் இல்லத்துக்கு வந்ததா என்பதை அவர் முதலாளியிடமேதான் கேட்க வேண்டும், இருமிக்கொண்டே.