பத்து அம்புக்கு 100 கோல்டா? வேங்கையோட அம்பறாத்தூணியில என்னென்ன போகுதுன்னு பாப்போம்

வாங்க மக்களே, வணக்கம். இன்னைக்கு புது டைஸ் செட் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வீடியோல. ஏன்னா நேத்து செஷன் முடிஞ்சதுல இருந்து மண்டைக்குள்ள ஒரே விஷயம்தான் ஓடுது, வெள்ளி அம்பு. நம்ம வேங்கையத்தான் உங்களுக்கே தெரியுமே, டி அண்ட் டிங்கற டைஸ் உருட்டி ஆடுற கதை கேம்ல என்னோட கேரக்டர், லெவல் 5 ரேஞ்சர், அதான் வேட்டைக்காரன், கையில லாங்போ, அதான் நீள வில், மான்ஸ்டர் வேட்டைதான் பொழப்பு. அடுத்த கான்ட்ராக்ட் வேர்வுல்ஃப், அதான் ஓநாயா மாறுற மனுஷன். சரி, வெள்ளி பூசின அம்பு வேணும்னு கொல்லன்கிட்ட போனா 100 கோல்ட்ங்கறான். எத்தனை அம்புக்கு? பத்துக்கு. பத்தே பத்துக்கு!

எங்க டிஎம், அதான் கேமை நடத்துறவர், அவர் மேல தப்பு இல்லைங்க, அவர் புக்ல இருக்கறதத்தான் சொன்னார். நாங்க ஆடுறது டி அண்ட் டி, 2014 ரூல்ஸ். அதுல ஒரு ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 கோல்ட், இல்லன்னா பத்து அம்புக்கு 100 கோல்ட். இப்ப கணக்கு பாருங்க. சாதா அம்பு இருவது சேர்த்து 1 கோல்ட், அப்ப ஒரு அம்பு 5 காப்பர். வெள்ளி பூசுற கூலி மட்டும் அம்புக்கு 10 கோல்ட், அதாவது அம்போட விலைய மாதிரி இருநூறு மடங்கு! ஃபைட்டர் அவனோட கிரேட்ஸ்வோர்ட் முழுசுக்கும் பூசிக்கிறான், அதே 100. இத்துனூண்டு டாகருக்கும் அதே 100. அந்தக் கத்தி கேம்பெயின் முடியற வரைக்கும் இடுப்புல இருக்கும், நான் விட்ட அம்பு புதருக்குள்ள போயிடும். இது எந்த ஊரு நியாயம்னு எனக்குப் புரியல. பழைய 3.5 எடிஷன்ல அம்புக்கு 2 கோல்ட்தான் எக்ஸ்ட்ரா, டேமேஜ்ல ஒண்ணு குறையும், அவ்வளவுதான். அதுதான் நியாயமான விலை, நான் அதையேதான் சொல்லிட்டு இருப்பேன்.

ஆனாலும் வாங்கிட்டேன். வாங்கித்தான் ஆகணும். 2014 வேர்வுல்ஃப் மேல வெள்ளியும் இல்லாம மேஜிக்கும் இல்லாம எத்தனை அம்பு விட்டாலும் டேமேஜ் சைபர். பாதி கூட கிடையாது, சைபர். சாதா அம்பு இருவது தீர்ந்தாலும் அது அப்படியே நடந்து வந்து நம்ம கழுத்தைக் கடிக்கும். அப்ப எத்தனை வேணும்னு உக்காந்து போட்டுப் பாத்தேன். அதோட ஹெச்பி, அதான் உயிர்க் கணக்கு, சராசரி 58. லாங்போவுக்கு டி8, அதான் எட்டு முக டைஸ், கூட டெக்ஸ், அதான் வேங்கையோட சுறுசுறுப்பு, அதுக்கு 4, ஹன்டர்ஸ் மார்க்ங்கற ஸ்பெல் போட்டா இன்னொரு டி6, ஆக ஒரு அம்புக்கு சராசரி 12. அஞ்சு அம்பு பட்டா ஆள் காலி. அதோட ஏசி, அதான் அடி படணும்னா நாம எட்ட வேண்டிய எண், 12, எனக்கு டைஸோட கூட்டிக்கற அட்டாக் போனஸ் 9, டைஸ்ல 3 விழுந்தாலே பட்டுடும். அட, சொல்ல விட்டுட்டேன், அந்த 9-ல ஆர்ச்சரி ஸ்டைல்ங்கற வில் பயிற்சியோட 2 இருக்கு, அந்த ஸ்டைல் எடுக்காதவங்க அம்பு கொஞ்சம் சேர்த்தே எண்ணிக்கோங்க. எனக்கு ஆறு அம்பு போதும். லெவல் 5-ல ஒரு டர்னுக்கு ரெண்டு அம்பு, மூணு ரவுண்டுல வேலை முடிஞ்சுது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல். சண்டை முடிஞ்சு ஒரு நிமிஷம் தேடினா, விட்ட அம்புல பாதி திரும்பக் கிடைக்கும். ஆறு விட்டா மூணு. விடாத நாலோட சேர்த்தா கையில ஏழு, இன்னொரு வேர்வுல்ஃபும் தாங்கும்! இதை டிஎம்கிட்ட வெள்ளி அம்புக்கும் உண்டா, உண்டான்னு கேட்டு, அவர் உண்டுன்னு சொன்னதும் நான் டேபிள்ல எழுந்து கை தட்டினேன். வாங்குறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டு வச்சுக்கோங்க, சில டேபிள்ல ஸ்பெஷல் அம்பு உடைஞ்சிடும்னு வச்சிருப்பாங்க, அப்ப கணக்கே மாறிடும்.

இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, எங்க பார்ட்டியில ஒருத்தர் "வாங்கினதுதான் வாங்கிட்ட, வர்ற கோப்ளின் மேலயும் ரெண்டு விடு"ங்கறார். ஏங்க, கோப்ளினுக்கு வெள்ளியும் இரும்பும் ஒண்ணுதான், ஒரு பாயிண்ட் கூட எக்ஸ்ட்ரா விழாது. ஸ்பெஷல் அம்பு எதுக்குன்னா, சாதா அம்பு எங்க வேலைக்கு ஆகாதோ அங்க. டேமேஜ் கூட்டுறதுக்கு ஹன்டர்ஸ் மார்க் இருக்கு, காசே வேணாம். அதனால நான் முதல்ல கேக்குறது, வர்ற ஜந்து எதைத் தாங்கும், எதைத் தாங்காது. ஊர்க்காரங்ககிட்ட விசாரிக்காம கொல்லன்கிட்ட போறவங்களைப் பாத்தா எனக்கு ஆகவே ஆகாது.

எலும்புக்கூடு எடுத்துக்கோங்க. அதுக்கு ஸ்பெஷல் அம்பே தேவையில்ல, பிளட்ஜனிங் டேமேஜ்னா, அதான் மழுங்கலா அடிக்கிற அடி, ரெண்டு மடங்கு விழும். அதுக்கு கவண் போதும்! கவண் 1 சில்வர், கல்லு இருவது 4 காப்பர். டி4 தானேன்னு இளக்காரமா பாக்காதீங்க, டெக்ஸும் சேர்ந்துதான் ரெண்டு மடங்காகும், சராசரி 13 வருது. வேங்கை இடுப்புல எப்பவும் ஒரு கவண் இருக்கும்னு பழைய வீடியோல பாத்திருப்பீங்க, காரணம் இதுதான்.

ட்ரோலுக்கு நெருப்பு அம்பு எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேக்குறீங்க. தேடாதீங்க. ட்ரோல் ஒவ்வொரு டர்னும் 10 ஹெச்பி ஏத்திக்கும், நெருப்போ ஆசிடோ பட்டா அடுத்த டர்ன் அது நிக்கும். எவ்வளவு படணும்னு ரூல்ல கிடையாது. எரியுற டார்ச்சால ஒரு அடி அடிச்சா 1 ஃபயர் டேமேஜ், அது போதும். டார்ச் விலை 1 காப்பர்! ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர், அதான் தீப்பிடிக்கிற திரவம், ஒரு குப்பி 50 கோல்ட், இது 1 காப்பர். பக்கத்துல போக ஃபைட்டர் இருக்கான், அவன் கையில டார்ச்சைக் குடுத்துட்டு நான் தூரத்துல நின்னு சாதா அம்பு விடுவேன்.

அடமன்டைன், அதான் ரொம்பக் கெட்டியான கற்பனை உலோகம், அதுல செஞ்ச அம்பு, 2017-ல வந்த சப்ளிமெண்ட் புக்ல பத்துக்கு 500 கோல்ட். வர்றது ஸ்டோன் கோலம், அயர்ன் கோலம்னு, அதான் மேஜிக்ல நடமாடுற கல்லு பொம்மை, இரும்பு பொம்மைன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும்தான். கார்காயில்ங்கற றெக்கை வச்ச கல்லு ஜந்துக்கு அது வேண்டாம், சாதா அம்புலயே பாதி டேமேஜ் போகும், நிதானமா நின்னு அடிங்க.

இன்னொண்ணு, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். பிளஸ் ஒன் வில், அதான் மேஜிக் வில், கைக்கு வந்துட்டா அதுல விடுற சாதா அம்பெல்லாம் மேஜிக்னுதான் கணக்கு, வேர்வுல்ஃபுக்கும் போதும், கோலத்துக்கும் போதும். அதனாலதான் நான் பத்தோட நிறுத்தினேன், இருவது வாங்கல. மிச்ச கோல்ட் வில்லுக்கு. அப்புறம் 2025 மான்ஸ்டர் மேனுவல் வச்சு ஆடுறவங்க கொல்லன் பக்கமே போகாதீங்க, அதுல வேர்வுல்ஃபுக்கு அந்தத் தடையே எடுத்துட்டாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்கல. வெள்ளி தேடி அலையலன்னா அது என்ன வேர்வுல்ஃப் வேட்டை?

கடைசியா ராக்‌ஷசா, நம்ம ராட்சசன்தான், அடுத்த ஆர்க்ல வருதுன்னு டிஎம் லேசா கோடி காட்டிட்டார், அதுக்கு இப்பவே தயாராகுறேன். வெள்ளி அதுக்கு தூசு. மேஜிக் ஆயுதம்தான் தோலைத் தொடும், அதுவும் குட் அலைன்மென்ட், அதான் நல்லவங்க பக்கம் இருக்கறவங்க மேஜிக் அம்பு விட்டா டேமேஜ் ரெண்டு மடங்கு! வேங்கை நியூட்ரல் குட், எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே வரல. ஆனா ஆறாம் லெவல் வரைக்கும் எந்த ஸ்பெல்லும் அது மேல ஒட்டாது, ஹன்டர்ஸ் மார்க்கும் போச்சு, அந்த டி6-ஐ கணக்குல இருந்து எடுத்துடுங்க. அதோட பிளஸ் ஒன் அம்பு பட்டவுடனே மேஜிக் போயிடும், குறி தப்பினா போகாது, தேடிப் பொறுக்கிக்கலாம். அதனால அட்வான்டேஜ், அதான் ரெண்டு டைஸ் உருட்டிப் பெரிசை எடுத்துக்கற வாய்ப்பு, இருக்கற டர்ன்ல மட்டும்தான் அதை வில்லுல பூட்டுவேன். எங்க பார்ட்டி பூசாரி, அதான் கிளெரிக், அவரை ப்ளெஸ்ங்கற ஆசீர்வாத ஸ்பெல்லை எனக்கே போடச் சொல்லியிருக்கேன், அந்த ஸ்பெல் என் மேலதானே இருக்கு, ராட்சசன் அதைத் தடுக்க முடியாது. செஷன் முடிஞ்ச கையோட ரோல் எல்லாம் காட்டி வீடியோ போடுறேன், வரட்டுமா மக்களே.