பறக்கும் கார் பேரப்பிள்ளைகள் காலத்துக்கே

மாண்பமை நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிவார்ந்த நண்பர்களே, திருவிழாக் கடைகளைக்கூட ஒதுக்கிவிட்டு இந்தப் பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் காரைக்குடிப் பெருமக்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கம்பன் விழா மேடையில் பட்டிமண்டபத்தை வளர்த்தெடுத்த ஊர் இது. வாதத்தில் ஓட்டை விழுந்தால் நடுவருக்கு முன்பாகவே முதல் வரிசை கண்டுபிடித்துவிடும் என்ற அச்சத்தோடுதான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

பறக்கும் கார் அன்றாடப் பயன்பாட்டுக்கு வருவது அடுத்த பதினைந்து ஆண்டுகளிலா, பேரப்பிள்ளைகள் காலத்திலா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் பேராசிரியர் அவர்கள், ஸ்லோவாக்கியாவில் கார் பறந்துவிட்டது, சீனாவில் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள், தில்லியில் ஆண்டு குறித்தாகிவிட்டது, இனி என்ன தாமதம் என்று கேட்டார். அடுத்துப் பேசிய சகோதரி, பேட்டரி ஆராய்ச்சி நம் ஊரிலேயே நடக்கிறது, வந்து இறங்குவதற்கு நம் வீடுகளில் முற்றம் இருக்கிறது, கைபேசி வந்த வேகத்தில் இதுவும் வந்துவிடும் என்று கைதட்டல் வாங்கிப் போனார். அந்தக் கைதட்டலில் என்னுடையதும் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, கை தட்டியது பேச்சழகுக்காக மட்டுமே.

கார் பறக்கும் என்பதை எங்கள் அணி மறுக்கவே இல்லை. பேராசிரியர் ஸ்லோவாக்கியாவில் கார் பறந்த 2021-இலிருந்து கணக்கைத் தொடங்கினார். நான் அவருக்கு உதவியாக இன்னும் பின்னால் போகிறேன். அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் 1917-லேயே இறக்கை பூட்டிய காரைக் காட்சிக்கு வைத்தார். அது தரையைவிட்டுச் சற்றே துள்ளியதோடு சரி. மோல்ட்டன் டெய்லர் 1949-இல் உருவாக்கிய ஏரோகார் உண்மையாகவே பறந்தது. 1956-இல் அரசின் சான்றிதழும் பெற்றது. விமானமாக இறங்கியதும் இறக்கைகளையும் வாலையும் கழற்றி மடித்து, இழுவண்டியாகக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு சாலையில் போய்விடலாம். அப்படிப்பட்ட வண்டி மொத்தம் எத்தனை செய்யப்பட்டது தெரியுமா? அரை டஜன். சான்றிதழ் வந்து ஏழு பத்தாண்டுகள் ஆகப் போகின்றன. சான்றிதழ் வந்துவிட்டதால் வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்ற எதிரணியின் வாதத்துக்கு அந்த அரை டஜனே போதிய விடை.

ஏன் பெருகவில்லை? காருக்கும் விமானத்துக்கும் உடம்பிலேயே பகை இருக்கிறது. சாலையைப் பிடித்து ஓடவும், மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கவும் காருக்குக் கனம் வேண்டும். விமானத்திலோ ஒவ்வொரு கிலோவும் வீண்சுமை. இரண்டையும் ஒன்றாக்கினால் சுமாரான காரும் சுமாரான விமானமும் ஒரே விலையில் கிடைக்கும், அந்த விலையும் சுமாராக இருக்காது. 1973-இல் கலிபோர்னியாவில் ஹென்றி ஸ்மோலின்ஸ்கி என்ற பொறியாளர், ஃபோர்டு பின்டோ காரின்மேல் செஸ்னா விமானத்தின் இறக்கையையும் வாலையும் பொருத்திப் பறந்தார். சோதனைப் பறப்பில் அது விழுந்து அவரும் அவருடைய கூட்டாளியும் மாண்டார்கள். அந்த முயற்சி அதோடு நின்றது.

இனி ஸ்லோவாக்கியாவுக்கு வருவோம். கிளைன் விஷன் நிறுவனத்தின் ஏர்கார் 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடங்களில் பறந்து சென்றது. இறங்கியபின் இறக்கையை மடித்துக்கொண்டு நகருக்குள் ஓடியது. அருமையான பொறியியல், நானும் வியந்தேன். ஆனால் அது ஏறியதும் ஒரு விமான நிலையத்தில், இறங்கியதும் ஒரு விமான நிலையத்தில். ஓடுதளம் இல்லாமல் அந்த வண்டி எழும்பாது. நம் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அதைச் செப்பனிட்டே கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய காரைக்குடிக்காரர், வீட்டிலிருந்து செட்டிநாடு வரை காரை ஓட்டி, இறக்கையை விரித்து, அனுமதிக்குக் காத்திருந்து, பறந்து, மதுரை விமான நிலையத்தில் இறங்கி, இறக்கையை மடித்து, அங்கிருந்து மண்டபம் இருக்கும் தெருவுக்கு நகர நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும்போது, திருப்பத்தூர் வழியாகப் பேருந்தில் வந்த பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். விமானி உரிமத்துக்கு அவர் படித்த மாதங்களை நான் இதில் சேர்க்கவில்லை.

ஓடுதளமே வேண்டாம், செங்குத்தாக எழும்பும் மின்சார ஊர்தி இருக்கிறதே என்பார்கள். அவர்கள் சொல்லும் சீனச் சான்றிதழ் ஈஹாங் நிறுவனத்தின் இஎச்216-எஸ் ஊர்திக்கு 2023 அக்டோபரில் கிடைத்தது. விமானி இல்லாமல் இருவரைச் சுமக்கும், 16 சுழலிகள் கொண்டது. முதலில், அது கார் அல்ல. சாலையில் ஒரு தெரு தூரம்கூட ஓடாது. அதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் கவலை அதன் தூரத்தைப் பற்றியது. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இங்கிருந்து தேவகோட்டைக்குப் போகலாம், பிள்ளையார்பட்டிக்குப் போகலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், அவை எட்டா. அத்தோடு, இறங்கும் இடத்தில் தடை ஏற்பட்டால் வேறிடம் தேடிப் போவதற்கு எரிபொருளையோ மின்சாரத்தையோ மிச்சம் வைத்தே எந்த விமானமும் பறந்தாக வேண்டும். சாலையில் மின்சாரக் கார் நின்றுபோனால் ஓரமாக ஒதுக்கித் தள்ளலாம், ஆயிரம் அடி உயரத்தில் ஓரம் கிடையாது.

இந்தத் தூரக் குறைவுக்குக் காரணம் பேட்டரி. சகோதரி பெருமையோடு குறிப்பிட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. அழகப்பர் தாமே விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தியவர் என்பதையும் சகோதரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஏன் விட்டார் என்று தெரியவில்லை. அந்த வளாகத்தின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே ஆய்வு செய்பவர்களைக் கேட்டால், பேட்டரி எவ்வளவு மெல்ல வளரும் என்பதை அவர்களே சொல்வார்கள். லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் சந்தைக்கு வந்தபோது ஒரு கிலோ மின்கலத்தில் 100 வாட்-மணிக்கும் குறைவான ஆற்றலே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே முட்டி மோதியபின் பரவலாகப் புழங்குவது 250 முதல் 300 வரை. ஒரு கிலோ பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 12,000. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மின்மோட்டார் வீணாக்குவதில்லை என்று பேராசிரியர் குறுக்கிடக் கூடும். நியாயம்தான், அதையும் கழித்துவிடுகிறேன். கழித்த பின்னும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி நிற்கிறது. சாலையில் இந்த இடைவெளியைப் பெரிய பேட்டரி வைத்துச் சமாளிக்கிறோம், ஏனென்றால் எடையைத் தாங்குவது பூமி. செங்குத்தாக எழும்பும் ஊர்திக்கோ, எடையைத் தாங்குவதும் பேட்டரியின் வேலையே. பேட்டரியைக் கூட்டினால் அந்தக் கூடுதல் பேட்டரியைத் தூக்க மேலும் பேட்டரி வேண்டும். இதில் சித்திரை, வைகாசி வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே எடையைத் தூக்கச் சுழலி இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும், மின்கலமும் கூடுதலாகச் சூடேறும்.

கைபேசியோடு ஒப்பிட்டது இதனால்தான் பொருந்தாது. கைபேசிக்குள் இருக்கும் சில்லு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக வளர்ந்தது. அதே கைபேசியின் பேட்டரி அப்படி வளரவில்லை, இன்றும் சாயங்காலம் ஆனால் சார்ஜரைத் தேடுகிறோம். பறக்கும் ஊர்தி நம்பியிருப்பது சில்லை அல்ல, அந்தப் பேட்டரியை.

இனி முற்றத்துக்கு வருகிறேன். சகோதரி அதைச் சொன்னபோது பந்தலே சிரித்தது. ஈஹாங் ஊர்தியின் அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல்; நம் வளவு முற்றத்தில் நான்கு பக்கமும் தூண் வரிசை, அதற்கு மேலே நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரச் சரிவு. பெரிய வீடுகள் சிலவற்றில் அகலம் போதும் என்றே ஒப்புக்கொள்வோம். ஏறத்தாழ 600 கிலோ எடையை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமானால் அதே அளவு விசையோடு காற்றைக் கீழ்நோக்கித் தள்ளியாக வேண்டும். இது நியூட்டன் விதி, விலக்குக் கிடையாது. அந்தக் காற்று முற்றத்துத் தரையில் மோதி, வெளியேற வழியில்லாமல் நான்கு சுவரிலும் ஏறித் தாழ்வாரத்து ஓடுகளை அடியிலிருந்து நெம்பும். வற்றலுக்குக் காயப்போட்டிருந்த மிளகாய் ஒரே நேரத்தில் எல்லோர் கண்ணிலும் விழும். ஓடு மாற்றும் கொத்தனார்களுக்கு வேலை கிடைக்கும் என்பதை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

நகரத்தின் கூரைமேல் இறங்கும் சோதனையை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நியூயார்க்கில் பான் ஆம் கட்டடத்தின் உச்சிக்கே ஹெலிகாப்டரில் பயணிகளைக் கொண்டுவந்தார்கள். 1977 மே மாதம், கூரைமேல் நின்றிருந்த ஹெலிகாப்டரின் தரையிறங்கு சக்கரத் தாங்கி ஒடிந்து அது சாய்ந்தது. சுழலியின் இறக்கைத் துண்டுகள் பறந்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழே தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவர். அந்தக் கூரைத்தளம் அதோடு மூடப்பட்டது. பொதுமக்களுக்கான ஹெலிகாப்டருக்கு 1946-லேயே சான்றிதழ் வந்துவிட்டது. இந்தப் பந்தலில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஹெலிகாப்டரில் வந்தீர்கள் என்று கேட்டால் தேர்தல் காலத்துத் தலைவர்கள் மட்டுமே கை தூக்குவார்கள், அவர்களும் இன்று வரவில்லை. சத்தம், செலவு, தலைக்கு மேலே விழும் அபாயம் ஆகிய மூன்றும் ஹெலிகாப்டரை அன்றாடம் ஆகவிடாமல் நிறுத்தின. மின்சார ஊர்தி சத்தத்தைக் குறைத்திருக்கிறது, பாராட்டுகிறேன். மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

ஆண்டு குறித்தாகிவிட்டது என்றார் பேராசிரியர். தில்லி கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு ஏழு நிமிடம், 2026-இல், என்று இண்டிகோ விமான நிறுவனத்தின் பின்னணியில் உள்ள இன்டர்குளோப்பும், மின்சார வான்டாக்ஸி செய்யும் அமெரிக்காவின் ஆர்ச்சரும் 2023 நவம்பரில் அறிவித்தன. அறிவிப்பு என்பது அறிவிப்புதான். ஊபர் நிறுவனம் 2023-இல் வான்டாக்ஸி ஓடும் என்று சொல்லியிருந்தது; 2020 டிசம்பரிலேயே அந்தப் பிரிவை ஜோபி என்ற வான்டாக்ஸி நிறுவனத்திடம் கைமாற்றிவிட்டது. ஜெர்மனியின் வோலோகாப்டர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றும் என்றது. ஏற்றவில்லை, அதே ஆண்டு டிசம்பரில் திவால் மனு போட்டது. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான லிலியம் அதற்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிட்டது. வட்டிக்கணக்குப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, நிறுவனம் குறிக்கும் தேதிக்கும் முதலீட்டாளர் பொறுமைக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அணி எதையும் தரமாட்டோம் என்று அடம் பிடிக்கவில்லை. விமான நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே, குறித்த பாதையில், பயிற்சி பெற்ற விமானியோடு ஒரு சில பெருநகரங்களில் இந்த ஊர்திகள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஓடும் என்றே நானும் நம்புகிறேன். சென்னை ஐ.ஐ.டி-யில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் ஆம்புலன்ஸ் பயன்பாட்டையும் முன்வைத்து உழைக்கிறது. பாம்புக்கடிக்கும் மாரடைப்புக்கும் மதுரைக்கு ஓடுகிற நம் சீமைக்கு அதுதான் முதலில் வர வேண்டியது. ஆனால் அது ஆம்புலன்ஸ். தலைப்பு கேட்பது, கடைக்குப் போவதற்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும் நாம் எடுக்கும் வண்டியை. அதற்கு, ஒரு கிலோவில் இன்றைய அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆற்றலைச் சேமிக்கும் பேட்டரியும், ஆயிரக்கணக்கான ஊர்திகளை ஒரே வானத்தில் மோதாமல் நடத்தும் தானியங்கிக் கட்டுப்பாடும், ஊருக்கு ஊர் இறங்குதளமும் ஒன்றுசேர வர வேண்டும். என் கணிப்பில் இந்த நூற்றாண்டின் பாதியைத் தாண்டாமல் அது நடக்காது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டைச் சொல்வதற்கு முன், எந்தப் பேட்டரி, எத்தனை கிலோமீட்டர், செக்காலை வீதியில் இறங்கும் இடம் எது, அதற்கு அண்டை வீட்டு ஆச்சியின் சம்மதம் வாங்கியாயிற்றா என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.