ஆற்காட்டு முற்றுகையும் கஞ்சி குடித்த சிப்பாய்களும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நான் மறந்துவிடாதபடி அன்போடு நினைவூட்டிக்கொண்டே இருந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, ஆரணியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் பேருந்தேறி வேலூர் வந்திருக்கும் அன்பர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் உரையாற்றிய கல்லூரி முதல்வர் அம்மையார் வேலூர்க் கோட்டையின் அகழியைப் பற்றிச் சொன்ன செய்திகளைக் கேட்டபின் நான் பேசத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். எனினும் தலைவர் அவர்களின் ஆணையை மீற இயலாது.

ஆற்காட்டுக் கோட்டையில் இன்று காணக்கூடியவை, 1751ஆம் ஆண்டு அங்கே நடந்த முற்றுகை, கோட்டைக்கும் பாலாற்றுக்கும் உள்ள உறவு ஆகிய மூன்றையும் பேச எண்ணி வந்துள்ளேன். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் முன்னோர் சொன்னதை முதலிலேயே நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

இங்கிருந்து சென்னை சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் ஆற்காடு. மக்கன் பேடா வாங்க அங்கே இறங்குவோர் பலர். பாலாற்றங்கரையில் நிற்கும் தில்லி வாசலைப் பார்க்கப் போவோர் சிலரே. ஆற்காடு நவாபுகள் என்றும் அழைக்கப்படும் கர்நாடக நவாபுகளின் தலைநகராக விளங்கிய ஊரின் கோட்டையை 1783இல் திப்பு சுல்தான் தகர்த்தார். எஞ்சிப் பாதுகாக்கப்பட்டு வரும் அந்த வாசலின் அடியில் ஒருமுறை நின்று பார்ப்பவருக்கு, ஒரு மைலுக்கு மேல் சுற்றளவு கொண்டிருந்த மதிலை இருநூறு முந்நூறு பேர் எப்படிக் காத்தார்கள் என்ற வியப்பு எழாமல் இராது.

நவாபு பதவிக்குப் போட்டியிட்ட இருவரில், ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியைத் திருச்சிராப்பள்ளியில், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபு வளைத்திருந்த வேளை அது. சந்தா சாகிபின் படையைப் பிரிக்கும் நோக்கத்தோடு 1751 ஆகஸ்டு இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் 200 வெள்ளையரோடும் 300 சிப்பாய்களோடும் வந்து, எதிர்ப்பின்றி ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு பெரும்படையோடு வந்து வளைத்துக்கொண்டார். வேலூரிலிருந்து, அக்கோட்டையை ஆண்ட முர்தசா அலியின் படையும் போய்ச் சேர்ந்தது. முற்றுகை தொடங்கியபோது உள்ளே போரிடும் நிலையில் இருந்தவர்கள் 120 வெள்ளையரும் 200 சிப்பாய்களுமே. அது 50 நாட்கள் நீடித்தது.

தாய்மார்களே, உள்ளே தானியம் குறைந்தது. அடுத்த வேளைக்கு அரிசி இருக்குமா என்ற நிலை வந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து நின்றார்கள். கூலியை உயர்த்தக் கேட்டார்களா? வெளியே விட்டுவிடச் சொன்னார்களா? இல்லை. "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், அவர்களுக்குத்தான் கூடுதல் உணவு வேண்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்ற கருத்தில் வேண்டினார்கள் என்று வெள்ளையர் எழுதிய வரலாறுகளே கூறுகின்றன. சோறு வடித்தபின் எஞ்சும் கஞ்சியில் எவ்வளவு வலு இருக்கும் என்பதை அன்றாடம் அடுப்படியில் நிற்கும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அதைக் குடித்துவிட்டு மதில்மேல் ஏறினார்கள். அதில் போட ஒரு கல் உப்பாவது அவர்களுக்குக் கிடைத்ததோ என்று அந்த வாசலைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு கேட்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்களே, தம் சோற்றையே விட்டுக்கொடுத்தவர்களை நாம் எந்த அளவில் நினைத்திருக்கிறோம்?

நவம்பர் 14 அன்று, ராசா சாகிபின் படையினர் நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகளைக் கதவுகளை நோக்கி ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டுகள் பட்டு மிரண்ட அவை திரும்பித் தம் படையையே மிதித்தன. அன்றிரவே முற்றுகை தளர்ந்தது. கிளைவுக்குப் புகழ் வந்தது. லண்டனில் சிலையும் நிற்கிறது. அரிசியை விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்களை அந்த வரலாறுகள் சொல்லவில்லை.

கம்பெனிக்காகப் போரிட்டவர்களை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று நண்பர்கள் என்னிடம் கடிந்து கேட்கிறார்கள். 1806 சூலை 10 அன்று இதே வேலூரில் கம்பெனியை எதிர்த்து எழுந்தவர்களும் கம்பெனியின் சிப்பாய்கள்தாம். அவர்களுக்கு இந்நகரில் நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறோம். மிகச் சரியான செயல். ஆற்காட்டில் பட்டினி கிடந்தவர்களும் மதிலுக்கு வெளியே மடிந்தவர்களும் அதே போன்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகளே. ஆகவே இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் சேர்த்துத் தில்லி வாசலருகே தமிழில் ஒரு நினைவுக் கல் வேண்டும் என்று எந்த மேடை கிடைத்தாலும் கேட்டுவருகிறேன்.

பாலாற்றைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால் அதை மற்றொரு நாளுக்கு ஒத்திவைக்கிறேன். நவம்பர் 14 குழந்தைகள் நாளாகவும் இருப்பதால், அதையொட்டி மாணவர்களை ஆற்காட்டுக்கு அழைத்துச் சென்று, வாசலின் நிழலில் அமர்த்தி இந்தக் கஞ்சிக் கதையைச் சொல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நினைவுக் கல் கோரும் விண்ணப்பம் அரங்கின் வெளிவாயில் மேசைமேல் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியரிடம் அதை நேரில் கொடுக்க இருக்கிறோம். உப்பிட்டவரை நினைக்கும் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு, ஊரின் பெயரையும் தெளிவாக எழுதிச் செல்ல வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.