அரசரின் சிற்பி கியோம் கேஃப்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக ஒரு நாடு பிறந்தால் அதற்கு என்னவெல்லாம் தேவைப்படும்? கொடி வேண்டும், நாணயம் வேண்டும், அரசியல் சட்டம் வேண்டும். பெல்ஜியம் 1830இல் பிறந்தபோது இதையெல்லாம் அவசர அவசரமாகத் தேடிக்கொண்டது. அப்புறம், நடுத்தெருவில் நிறுத்தி வைக்க வீரர்களும் வேண்டியிருந்தார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு ஒரே மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் கியோம் கேஃப்ஸ். ஊர் வழக்கில் வில்லெம்.

1805இல் ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டிய போர்கர்ஹௌட்டில் பிறந்தவர். ஆறு சகோதரர்களில் மூத்தவர். ஆறு பேரும் சிற்பிகள் என்றால் அந்த வீட்டில் உளிச் சத்தம் எப்போது ஓய்ந்திருக்குமோ தெரியாது. ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பாரிசில் எத்தியென் ஜூல் ரமே என்ற சிற்பியிடம் பயிற்சி பெற்றார். புரட்சி வெடித்தபோது அவருக்கு 25 வயது.

அந்தப் புரட்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1815க்குப் பிறகு இன்றைய பெல்ஜியப் பகுதி நெதர்லாந்து அரசரின் ஆட்சியில் இருந்தது. 1830 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் நாடக அரங்கம் ஒன்றில் இசைநாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டத்திலிருந்து கலவரம் தொடங்கியது. செப்டம்பர் 23 முதல் 26 வரை நான்கு நாள் தெருச்சண்டை. நெதர்லாந்துப் படை பின்வாங்கியது. மறு ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, சாக்ஸ்-கோபர்க் குடும்பத்து ஜெர்மன் இளவரசர் லியோபோல்ட் முதல் அரசராகப் பதவி ஏற்றார். இவர் விக்டோரியா மகாராணிக்குத் தாய்மாமன். வெளியூரிலிருந்து வந்த அரசர், ஒரு வயதுகூட நிரம்பாத நாடு. 'நாம் ஒரு தேசம்' என்று மக்களுக்கு அன்றாடம் கண்ணில் படும்படி ஏதாவது செய்தாக வேண்டும். கேஃப்ஸ் அரசவைச் சிற்பி ஆனது இந்தச் சூழ்நிலையில்தான்.

அரசவைச் சிற்பி ஒருவரின் வேலையைப் பார்க்கும்போது, யார் செய்யச் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சிலையில் சிற்பியின் கை பாதி, பணம் கொடுத்தவரின் மனசு பாதி.

முதலில் தியாகிகள் சதுக்கத்துக்கு வாருங்கள். பிரஸ்ஸல்ஸின் நடுவில், அகலமான கடைத்தெரு ஒன்றிலிருந்து சில அடி தள்ளி இருக்கும் அமைதியான சதுக்கம். அந்த நான்கு நாள் சண்டையில் இறந்த நானூறுக்கும் மேற்பட்டவர்களை இங்கேதான் புதைத்தார்கள். சுற்றிலும் வீடுகள் இருக்கிற நகரச் சதுக்கமே இடுகாடாக மாறியது. கேஃப்ஸ் செய்த நினைவுச்சின்னம் 1838இல் திறக்கப்பட்டது. உயர்ந்த பீடத்தின் மேல் ஒரு பெண், அவள்தான் தாய்நாடு. கையில் ஏட்டை வைத்துக்கொண்டு செப்டம்பர் 23, 24, 25, 26 என்று தேதிகளை எழுதுகிறாள். காலடியில் ஒரு சிங்கம், அறுந்த சங்கிலிகள். கீழே, தரைமட்டத்துக்குத் தாழ்வாக, இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள். மேலே நிற்கிற பெண்ணைவிட அந்தப் பெயர்கள்தான் என்னை அதிகம் தொடுகின்றன. கேஃப்ஸின் குற்றம் இல்லை அது. தாய்நாட்டுக்கு முகம் செதுக்கச் சொன்னால் யாருடைய முகத்தைச் செதுக்குவது? பொதுவான ஓர் அழகு முகம்தான் வரும்.

ஆனால் ஒரு தனி மனிதரைச் செய்யச் சொன்னால் இதே சிற்பி வேறு ஆளாகிவிடுவார். பிரஸ்ஸல்ஸ் பேராலயத்தில் பிரெடெரிக் தெ மெரோத் பிரபுவின் கல்லறையைப் பாருங்கள். பெரிய பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. தொண்டராகப் படையில் சேர்ந்து, 1830 அக்டோபரில் ஆன்ட்வெர்ப்புக்கு அருகே பெர்ஹெமில் குண்டடிபட்டு, சில நாளில் இறந்தார். அந்தக் காலத்தில் பிரபுவுக்குக் கல்லறைச் சிலை என்றால் கவசமோ கிரேக்கப் போர்வையோ போர்த்துவது வழக்கம். கேஃப்ஸ் அவருக்குத் தொண்டர் படையினர் போட்டிருந்த சாதாரண உழைப்பாளிச் சட்டையை மாட்டி, அடிபட்டுச் சாய்ந்த நிலையில் வடித்தார். புதிய நாட்டுக்கும் அதுதான் தேவைப்பட்டது. பிரபுவும் தொழிலாளியும் ஒரே உடையில் நின்று போராடினார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

1836இல் கேஃப்ஸுக்குத் திருமணம். மனைவி ஃபானி கோர், அயர்லாந்துக்காரப் பெற்றோருக்கு பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். தேர்ந்த ஓவியர். அதே 1836இல் ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி மரியா மாலிப்ரான் மான்செஸ்டரில் 28 வயதில் இறந்துபோனார். அவர் கணவர், வயலின் கலைஞர் ஷார்ல் தெ பெரியோ, உடலை பிரஸ்ஸல்ஸுக்கு அருகே லாக்கனுக்குக் கொண்டுவந்து ஒரு சிறு மண்டபம் கட்டினார். உள்ளே நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சிலை கேஃப்ஸ் செய்தது. இங்கே நாடும் இல்லை, சிங்கமும் இல்லை. மனைவியை இழந்த ஒருவர் கேட்டுச் செய்த சிலை. கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் பாட வந்த மேடையில் நிற்பது போலவே இருப்பார்.

ஆன்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபென்ஸின் சிலைக்கு வேறு மாதிரிக் கதை. ரூபென்ஸ் இறந்து 200 ஆண்டு ஆனதை 1840இல் நகரம் பெரிய விழாவாக எடுத்தது. விழா வந்துவிட்டது, வெண்கலச் சிலை தயாராகவில்லை. பெரிய வெண்கலச் சிலை என்றால் முதலில் களிமண்ணில் உரு பிடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் எடுத்து, அப்புறம் அச்சு கட்டி, உலோகத்தை உருக்கி ஊற்றி, இணைப்புகளைத் தட்டிச் சீர் செய்ய வேண்டும். விழாக் குழு போடும் தேதிக்கு உலோகம் கட்டுப்படாது. என்ன செய்தார்கள்? பிளாஸ்டர் உருவை வைத்தே திறப்பு விழாவை நடத்திவிட்டார்கள். வெண்கலச் சிலை 1843இல் குரூன்பிளாட்ஸ் சதுக்கத்தில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது, பின்னால் பேராலயத்தின் கோபுரம் தெரிய. அந்தச் சதுக்கம் 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை பேராலயத்தின் கல்லறைத் தோட்டமாக இருந்தது. இப்போது சுற்றிலும் காபிக் கடைகள்.

லியேஜ் நகரத்தில் இன்னும் விசித்திரம். அந்த ஊரில் பிறந்து பிரான்சில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கிரேத்ரி 1813இல் இறந்தார். உடல் பாரிசில். இதயத்தை மட்டும் சொந்த ஊருக்குத் தர வேண்டும் என்று பேச்சு. உறவினர் தர மறுக்க, வழக்கு நீதிமன்றம் வரை போய், 1828இல்தான் இதயம் லியேஜுக்கு வந்தது. 1842இல் கேஃப்ஸ் கிரேத்ரிக்கு வெண்கலச் சிலை செய்தபோது அந்த இதயத்தைப் பீடத்துக்குள்ளேயே வைத்தார்கள். முதலில் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இருந்த சிலையை 1866இல் இசைநாடக அரங்கத்தின் வாசலுக்கு மாற்றினார்கள். இதயமும் கூடவே குடிபெயர்ந்தது.

அரசருக்கே செய்த சிலையைச் சொல்லாமல் விட முடியாது. பிரஸ்ஸல்ஸில் காங்கிரஸ் தூண் என்று ஒன்று இருக்கிறது. கட்டடக் கலைஞர் பூலார்ட் வடிவமைத்தது, 47 மீட்டர் உயரம், 1859இல் திறக்கப்பட்டது. உச்சியில் கேஃப்ஸ் செய்த முதலாம் லியோபோல்ட். அடியில் நான்கு மூலையிலும் நான்கு சுதந்திரங்கள் பெண் வடிவத்தில் உட்கார்ந்திருக்கின்றன: பத்திரிகை, கல்வி, சங்கம், வழிபாடு. அதில் இரண்டு, தம்பி ஜோசப் செய்தவை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. அரசியல் சட்டத்தை எழுதிய மக்கள் பிரதிநிதிகளின் பேரவைக்கு எழுப்பிய தூண் இது. அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்று சத்தியம் செய்த அரசர் உச்சியில் நிற்கிறார், சட்டம் கொடுத்த சுதந்திரங்கள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. மேலே இருப்பவர் முகம் கீழிருந்து யாருக்கும் தெளிவாகத் தெரியாது, அது வேறு விஷயம்.

இத்தனை செய்தும், இன்று இணையத்தில் கேஃப்ஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அரசரும் இல்லை, தியாகிகளும் இல்லை. சாத்தான்!

லியேஜின் தூய பவுல் பேராலயத்துக்குப் புதிய பிரசங்க மேடை ஒன்றை 1837இல் கேஃப்ஸிடம் ஒப்படைத்தார்கள். தீமையை மதம் வெல்கிறது என்பது கரு. மேடையின் பின்புறம், படிக்கட்டுகளுக்கு நடுவில் வைக்க வேண்டிய வீழ்ந்த தேவதையை, அதாவது சாத்தானை, தம்பி ஜோசப் செய்தார். ரோமில் தங்கிக் கலை பயில இளம் கலைஞர்களுக்குத் தந்த ரோமாபுரிப் பரிசை வாங்கிய கெட்டிக்காரர். அவர் செய்த உருவம் இளைஞன், கட்டான உடம்பு, தாழ்ந்த பார்வை. வௌவால் இறக்கையும் பாம்பும் இல்லாவிட்டால் அதைச் சாத்தான் என்றே சொல்ல முடியாது. சில காலத்திலேயே புகார் கிளம்பியது. சாத்தான் இவ்வளவு அழகாக இருந்தால் கோவிலுக்கு வருகிற இளம்பெண்களின் கவனம் பிரசங்கத்தில் எப்படி நிற்கும் என்று கேட்டார்கள். சிலையை எடுத்துவிட்டார்கள். மாற்றுச் சிலையை அண்ணனே செய்ய வேண்டியதாயிற்று.

1848இல் வந்தது கியோமின் சாத்தான். வந்த புகாருக்கெல்லாம் கல்லில் பதில் எழுதியது போல இருக்கும். தலையில் சின்னக் கொம்பு. கையிலும் காலிலும் சங்கிலி. ஒடிந்த செங்கோல். கடித்துப் போட்ட பழம். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். தம்பி திறந்து விட்ட இடங்களைத் துணியால் கொஞ்சம் கூடுதலாக மூடியிருக்கிறார். எல்லாம் செய்தாரே, அழகைக் குறைத்தாரா? இல்லை. ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு நொந்துபோய் உட்கார்ந்திருக்கும் அந்த உருவத்தைப் பார்க்கத்தான் இன்று லியேஜுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பிஷப்புக்குக் கீழ்ப்படிந்தது போலவும் ஆயிற்று, சிற்பி நினைத்ததைச் செய்தது போலவும் ஆயிற்று. அரண்மனை வேலை பார்த்துப் பழகியவருக்கு அந்தச் சாமர்த்தியம் கைவந்த கலை.

கியோம் 1883 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஷார்பேக்கில் காலமானார். ஃபானியும் அதே ஆண்டில். ஜோசப் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தார். ஆன்ட்வெர்ப்பில் குதிரை மேல் இருக்கும் லியோபோல்ட் சிலை அவர் செய்தது. கோவிலை விட்டு வெளியேற்றிய அவருடைய சாத்தான் இப்போது பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிற்பமாக மட்டும் பார்த்து எந்தச் சாத்தானுக்கு ஓட்டு என்று கேட்டால், நான் தம்பி பக்கம். அண்ணனுடையதில் கொம்பு, சங்கிலி, பழம், கண்ணீர் என்று விளக்கம் கொஞ்சம் அதிகம். இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் ஓட்டு மாறலாம்.

இந்த வாய்ப்பைத் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.