கன அடி என்றால் என்ன அம்மா?

எல்லோருக்கும் வணக்கம்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலும் வெளியிலுமாகப் படிக்கிறார்கள் என்று சொன்னதும், "எந்தெந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாங்கள் திருச்சிக்காரர்கள். போன வருடம் முழுக்க நாங்கள் சுற்றியது காவிரிக் கரையை மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் டவுன் பஸ்ஸில்.

மேட்டூர் அணை திறந்த சமயம். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் போட்டிருந்தது. பத்து வயது மகள், "கன அடி என்றால் என்ன அம்மா?" என்றாள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள பெட்டி நிறையத் தண்ணீர், சுமார் 28 லிட்டர், நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடம் என்றேன். தலையாட்டினாள். புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பக்கத்து வாய்க்காலுக்குப் போனோம். ஒரு டேப், ஒரு கடிகாரம், காய்ந்த தென்னை மட்டைத் துண்டு ஒன்று. கரையில் 20 அடி அளந்து இரண்டு குச்சி நட்டோம். மட்டை அதைக் கடக்க 10 விநாடி ஆனது, அதாவது விநாடிக்கு 2 அடி. வாய்க்காலின் அகலம் 10 அடி, ஆழம் 2 அடி. பெருக்கிப் பார்த்து, "விநாடிக்கு 40 கன அடி! எண்பது குடம்!" என்று கத்தினாள். குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "பாப்பா, மேல்தண்ணிதான் இந்த ஓட்டம் ஓடும். அடித்தண்ணி மெதுவாத்தான் போகும்" என்றார். அவர் சொன்னது சரி. மிதவை விட்டு அளந்தால், கிடைக்கும் வேகத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டோம். 40 என்பது 34 ஆனது. சதவீதக் கணக்கை அதற்குப் பிறகு நான் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தரவே இல்லை.

கல்லணைக்கு நான்கு முறை போனோம். முதல் முறை வேடிக்கை பார்த்ததோடு சரி. இரண்டாம் முறைதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் படம் வரைந்தார்கள். மணலில் எப்படி அணை நிற்கிறது என்று சின்னவன் கேட்டான். அவனுக்கு ஏழு வயது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கல்லை வைக்கச் சொன்னேன். கல்லைச் சுற்றி மணல் அரித்தது, கல் மெல்ல உள்ளே இறங்கியது. அதன் மேல் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு கட்டத்தில் கல் அசையவில்லை. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடுவதை இந்த அணையைக் கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியுமே!" என்றான்.

பரீட்சைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வாய்ப்பாடும் எழுத்துப் பயிற்சியும் தினம் ஒரு மணி நேரம் வீட்டில் உண்டு. ஆற்றங்கரை அதைச் செய்துதராது. ஒரே நாளில் மூன்று ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பும் பயணமும் எதையும் செய்துதராது. பிள்ளைக்குக் கேள்வி வருவது பெரும்பாலும் இரண்டாவது முறைதான். அதுவரை பொறுக்க வேண்டியது நாம்.

கடைசியாகப் பூம்புகார் போனோம். கடலில் சேரும் இடத்தில் காவிரி சின்ன வாய்க்கால் போல இருந்தது. மகள் திகைத்துப்போனாள். "மேட்டூரில் திறந்த தண்ணி எல்லாம் எங்கே அம்மா?" நான் பதில் சொல்வதற்குள் சின்னவன், "பஸ்ஸில் வரும்போது பார்த்தோமே, எல்லாம் வயல்ல நிக்குது" என்றான். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை எத்தனை வாய்க்கால் பிரிகிறது என்று இருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் தஞ்சாவூரையே தாண்டவில்லை.